இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ரோடு

சந்தவாசலில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஜவ்வாது மலைதான் நிற்கும். ஆனால் முப்பத்தோரு வயது வரைக்கும் அந்த மலைமேல் நான் போனது இரண்டே தடவை. ஒரு தடவை பள்ளிக்கூடச் சுற்றுலா, இன்னொரு தடவை தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இரண்டு தடவையும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்தேன். அதனால், மலைமேல் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு வீட்டுமனை பிரித்து வரைந்து கொடுக்கும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தபோது, எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது.

ஆபீஸ் என்றால் போளூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் இரண்டு அறை. முன் அறையில் எங்கள் இன்ஜினியர் இருப்பார். இருபது வருட அனுபவம். அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதி எழுதி அவருக்குப் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. டீ ஆறிப்போயிருந்தால் ‘வெப்பநிலை குறைந்து காணப்படுகிறது’ என்பார். பின் அறையில் நானும் கம்ப்யூட்டரும். நான் சிவில் டிப்ளமா படித்தவள். மூன்றாவது ஆள் சர்வேயர் அண்ணன். அமிர்திப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. நிலத்தை அளப்பது அவர் வேலை, அவர் அளந்து வந்ததை வரைவது என் வேலை. லேசர் அடித்து அளக்கிற அவருடைய டோட்டல் ஸ்டேஷன் கருவியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். “ஆளு பொய் சொல்வான், மிஷின் பொய் சொல்லாது” என்பார். அதை மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்து, குளிர்காலத்தில் சால்வை போர்த்தி எடுத்துப்போவார்.

நான் செய்வது என்னவென்று வெளியில் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை, ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சர்வேயர் கொண்டுவரும் புள்ளிகளைச் சாப்ட்வேருக்குள் கொட்டுவேன். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அது என்ன என்று ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் மரம், பி என்றால் கரண்டு கம்பம், ஆர் என்றால் பாறை. சாப்ட்வேர் அந்தப் புள்ளிகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, மேடு பள்ளத்தோடு தரையை எழுப்பிக் காட்டும். அதன்மேல் நான் ரோடு வரைவேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிளாக் பிரிப்பேன். பிறகு, ‘ஒவ்வொரு மனையும் மூன்று சென்ட், ரோட்டுப் பக்கம் முப்பது அடிக்குக் குறையக் கூடாது’ என்று சொல்லிவிட்டால், அது பர்பிக்குத் துண்டு போடுவதுபோல் வரிசையாகப் போட்டு நம்பரும் எழுதிவிடும். முதல் தடவை அதைப் பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைப்பார்கள். அடுத்து நான் ஒரு கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியதும் முப்பத்திரண்டு மனையும் இடம் மாறி, நம்பர் மாறி, குண்டக்க மண்டக்க ஓடுவதைப் பார்த்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்வார்கள்.

நிலம் ஜமுனாமரத்தூரிலிருந்து அரை மணி நேரம் உள்ளே, ஒரு சின்ன ஊரை ஒட்டி இருந்தது. அந்த ஊர் வீடுகள் சரிவில் இருந்ததால் ஒவ்வொரு பெருமழைக்கும் மேலிருந்து தண்ணீர் அடுப்படிக்குள் வந்து, வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குத்தான் பக்கத்தில் ஏறக்குறைய மட்டமாக இருந்த ஒன்றே முக்கால் ஏக்கரை ஒதுக்கியிருந்தார்கள். சர்வேயர் அண்ணன் ஆடி கழிந்ததும் அளக்கப் போனார். அவருக்குப் பிரிஸம் என்கிற கண்ணாடி பொருத்திய கம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் நிற்க ஓர் ஆள் உண்டு. அவர் அன்றைக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகட்டும், லேசரை நேராக அடித்தே எடுத்துவிடலாம் என்று அண்ணன் தனியாகப் போனார். நிலத்தின் நடுவில் ஆள் நுழைய முடியாத அளவுக்கு உண்ணிச்செடி புதர். புதருக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை தெரிந்திருக்கிறது. இங்கிருந்தே நாலு புள்ளி அடித்து, ஆர் என்று எழுதிக்கொண்டார். மதியம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் வரை இருந்து, எதிர் மூலையில் கருவியை வைத்து மிச்சத்தை அளந்தார். அங்கிருந்து பார்த்தபோது புளியமரத்தடியில் ஒரு பாறை. அதற்கும் நாலு புள்ளி.

இரண்டு நாள் அளவையும் நான் சேர்த்தபோது திரையில் இரண்டு பாறை வந்தது. ஒன்றுக்கொன்று ஐம்பதடி தூரம். இரண்டும் எட்டடி நீளம், இரண்டரை அடி உயரம். இரண்டாவது பாறையின் ஒரு முனையில் ஊசிபோல் ஒரு கூர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ குச்சியில் லேசர் பட்டிருக்கும் என்று அந்தப் புள்ளியை அழித்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் போட்டு, ஒரே அளவில் இரண்டு பாறை வருகிறதே என்றேன்.

“ரெண்டு கீதும்மா, ரெண்டு வருது. மலைல பாறை இல்லாம பஞ்சு மெத்தையா இருக்கும்?” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது.

நான் முதலில் போட்ட ரோடு நேர்ரோடு. அது முதல் பாறையின் வாலையும் இரண்டாவது பாறையின் நெற்றியையும் இடித்துக்கொண்டு போனது. வால், நெற்றி என்றெல்லாம் இப்போதுதான் சொல்கிறேன், அப்போது எனக்கு அது வெறும் பாறை. எட்டடிப் பாறைதானே, பெயர்த்துப் போட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். இன்ஜினியர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே தெரிவது எட்டடி என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார். அது மலையோடு சேர்ந்த ஒரே பாறையாகவும் இருக்கலாம், இங்கே தெரிவது அதன் இரண்டு மூக்கு மட்டும்தான். வெடி வைக்க வேண்டிவரும், பக்கத்தில் காடு, அனுமதிக்கே ஒரு வருஷம் ஆகும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் திரை முன்னால் பத்து நிமிஷம் நின்றவர், ரோட்டை இரண்டு பாறைக்கும் நடுவில் பாம்புபோல் வளைத்துவிடு, பாறை இருக்கும் இடங்களைப் பொது இடமாக விட்டுவிடு என்றார்.

வளைத்தேன். ரோடு வளைந்ததும் மனைகள் கோணிக்கொண்டன. சாப்ட்வேர் மூன்று சென்ட் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மனையையும் இழுத்து, சாய்த்து, முறுக்கிப் பார்த்தது. சில மனைகள் விசிறிபோல் வந்தன. பதினேழாம் மனை ஐந்து மூலையோடு, ஒரு பக்கம் கடித்த சமோசாபோல் வந்தது. நான் நாலு நாள் அதைச் சரிசெய்யப் பார்த்தேன். அதைச் சரிசெய்தால் பதினெட்டு கெட்டது, பதினெட்டைச் சரிசெய்தால் இருபத்தொன்றில் ரோட்டுப் பக்கம் இருபத்தொன்பது அடி ஆனது. கடைசியில் பதினேழை அப்படியே விட்டேன்.

இன்ஜினியருக்கோ அந்த வரைபடத்தின்மேல் ஒரு காதலே வந்துவிட்டது. ஆபீசுக்கு யார் வந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார். அறிக்கையில் ஒரு முழுப்பக்கம் எழுதினார். ‘இயற்கையாக அமைந்த இரு பாறைகளுக்குச் சிறிதும் பங்கம் நேராவண்ணம், அவற்றின் இடையே நெளிந்து செல்லும் சாலை’ என்று ஆரம்பிக்கும் அது. மேலே அனுப்பினோம். மூன்று மாதத்தில் ஒப்புதலும் வந்துவிட்டது.

தை பிறந்ததும் மனைக்கல் ஊன்ற வேண்டும். வரைந்தவளும் கூட இருப்பது நல்லது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டே காரில் ஏறினேன். ஐந்தாவது வளைவு வரை தாக்குப்பிடித்தேன், அதுவே முன்னேற்றம். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் இன்ஜினியர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, உடல்நிலை தற்போது சீராக உள்ளதா என்று கேட்டார்.

ஒன்பதரைக்கு நிலத்தில் நின்றோம். மனைக்கு இடம் வேண்டுமென்று ஊர்க்காரர்கள் புதரையெல்லாம் வெட்டி எரித்திருந்தார்கள். இந்த நிலத்தை நான் ஆறு மாதமாகத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தவள். மேலிருந்து பார்த்திருக்கிறேன், தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்திருக்கிறேன், தரைக்கு அடியிலிருந்துகூடப் பார்த்திருக்கிறேன். புளியமரம் இருந்தது. கரண்டு கம்பம் இருந்தது. மட்டமான தரை, கண்ணுக்கெட்டின வரைக்கும் திறந்து கிடந்தது.

பாறை இல்லை.

சர்வேயர் அண்ணன் கருவியை வைத்து, முதல் பாறையின் நடுப்புள்ளியைத் தேடிப்போய்க் குச்சி ஊன்றினார். குச்சி சொத்தென்று ஒரு சேற்றுக் குழியில் இறங்கியது. இரண்டாவது பாறையைத் தேடிப்போனார். புளியமரத்தடியில் இன்னொரு சேற்றுக் குழி. கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்ஜினியர் ஜாடையாகக் கேட்டார். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. கரண்டு கம்பத்தை அளந்து காட்டினார், விரல் அகலம்கூட மாறவில்லை. புளியமரத்தை அளந்தார், சரியாக இருந்தது. நாலு எல்லைக் கல்லையும் அளந்தார். மலையில் எல்லாமே அதனதன் இடத்தில் இருந்தன. பாறை இரண்டு மட்டும் எழுந்து போயிருந்தன.

இன்ஜினியர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, யாரோ கல் உடைத்து விற்றுவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். இதற்குள் ஊரே கூடியிருந்தது. ஊர் நாட்டாமையைக் கூப்பிட்டார். எழுபது வயது இருக்கும், தலையில் சிவப்புத் துண்டு, நிதானமான மனிதர்.

“இங்கிருந்த பாறைகள் எங்கே?” என்றார் இன்ஜினியர்.

“எந்தப் பாறைங்க?”

இன்ஜினியர் வரைபடத்தைக் கார் பானட்டின்மேல் விரித்து இரண்டு பாறையையும் தொட்டுக் காட்டினார். நாட்டாமை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பாறை இல்லாங்காட்டி மனை கெடைக்காதுங்களா?”

“ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பாறை உள்ளது. களத்திலும் பாறை இருந்தாக வேண்டும்.”

நாட்டாமை திரும்பி ஊர்க்காரர்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த ஜனங்கள்மேல் ஒரு மரியாதைதான் வருகிறது. மூன்று மழைக்காலமாக அந்த மனைக்குக் காத்திருக்கிறவர்கள். கூட்டத்தில் ஒருவர், ஆமாம், பாறை ஒன்று இருந்த மாதிரிதான் ஞாபகம் என்றார். பக்கத்திலிருந்த அம்மா, அதன்மேல்தான் தான் சாமை காயவைத்ததாகச் சொன்னார். ஒருவர் அது கருப்புப் பாறை என்றார், இன்னொருவர் வெள்ளை என்றார், இரண்டு பேரும் கொஞ்சம் பேசி அது சாம்பல் நிறம் என்று முடிவு செய்துகொண்டார்கள். அது சரியாகவும் இருந்தது, அதுதான் விசேஷம். இன்ஜினியர் எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டார். சாமை காயவைத்த அம்மாவிடம், எத்தனை படி காயவைப்பீர்கள் என்று கேட்டுப் பாறையின் அகலத்தைக் கணக்குப் போட்டார். பாறையைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டபோது மட்டும் எல்லாரும் நாட்டாமையைப் பார்த்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். மேட்டுப் பக்கமிருந்து ஒரு எருமை இறங்கி வந்தது. நல்ல பெரிய எருமை. கூட்டத்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆட்கள் தானாக விலகி வழிவிட்டார்கள். முதல் சேற்றுக் குழியின் ஓரத்தில் நின்று, சர்வேயர் ஊன்றிய குச்சியை முகர்ந்து பார்த்து, மூக்கால் தள்ளிச் சாய்த்தது. பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. போன நாளின் சேறு முதுகில் காய்ந்து வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது.

நான் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். சர்வேயர் அண்ணன் வானத்தைப் பார்த்தார். நாட்டாமைதான் கடைசியில், யார் மனமும் புண்படாத குரலில் கேட்டார்.

“இந்தப் பாறைங்களா?”

இன்ஜினியர் டைரியை மூடினார். அண்ணன் கருவிக்குப் பின்னால் போய், எருமைக்கு நாலு புள்ளி அடித்தார். பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எட்டடி ஓரங்குலம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தப்பு என்னவாக இருந்தாலும் மிஷின்மேல் இல்லை.

எருமைக்காரம்மா அப்போதுதான் கையில் ஒரு குச்சியோடு வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முப்பத்திரண்டு பேரில் அவரும் ஒருவர், புருஷன் இல்லை, மகள் ஜமுனாமரத்தூரில் பத்தாவது படிக்கிறாள். இத்தனை பேர் தன் எருமையைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார். “இன்னா எல்லாரும் சுத்தி நிக்கறீங்க? யாரையாச்சும் முட்டிச்சா?” என்றார். நாட்டாமை விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை.

இன்ஜினியர் கடைசி நம்பிக்கையாக, அப்படியென்றால் எருமை இரண்டா என்று கேட்டார். ஒன்றுதான் என்றார் அந்த அம்மா. வெயில் திரும்பினால் இங்கே சுடும் என்று புளியமரத்தடிக்குப் போய்விடும். ரெண்டு குழியும் வருஷம் பூராக் காயாது, அடியில் ஊற்றுக் கசிவு. இந்த எருமையோட அம்மாவும் இங்கேதான் படுத்தது என்றார்.

அதையும் பார்த்துவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ஒரு கட்டையில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர்கள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலையிலிருந்து காலி வயிறு, நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டே முக்காலுக்கு எருமை எழுந்தது. நடந்தது. ரோடு வரப்போகிற வளைவின் வழியாகவே வளைந்து போய், புளியமரத்தடிக் குழியில் படுத்தது. தலையைத் திருப்பியபோது ஒரு கொம்பு நேராக மேலே நின்றது. நான் அழித்த புள்ளி அதுதான்.

கீழே இறங்கும்போது எட்டாவது வளைவில் சர்வேயர் அண்ணன் திடீரென்று, “அது அசையவே இல்லம்மா, அரை மணி நேரம். ஈ ஓட்டக்கூட வாலை ஆட்டல” என்றார். அவர் எருமையைப் பாறை என்று எழுதினார், நான் அதைச் சுற்றி ரோடு போட்டேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று பேச ஆரம்பித்தால் எனக்குத்தான் ஆபத்து.

ஆபீசுக்கு வந்ததும் இன்ஜினியர் கதவைச் சாத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினால் இன்னும் ஆறு மாதம், அதற்குள் மழை வந்துவிடும். திருத்தாமல் விட்டால், கல் ஊன்றியதைச் சரிபார்க்க மேலதிகாரி வரும்போது பாறையைக் காட்ட வேண்டும். அவர் யோசித்து வைத்திருந்த வழி இதுதான். அதிகாரியைப் பதினொன்றரைக்கு மேட்டிலிருந்து முதல் பாறையைப் பார்க்கச் செய்வது, பிறகு ஜமுனாமரத்தூருக்குச் சாப்பிட அழைத்துப்போவது, மூன்று மணிக்குத் திரும்பக் கூட்டிவந்து இரண்டாவது பாறையைக் காட்டுவது. இதை அவர் சிரிக்காமல் சொன்னார். சர்வேயர் அண்ணனும் சிரிக்காமல், மத்தியானம் லேட்டாகிவிட்டால் பாறை வீட்டுக்குப் போய்விடும் சார் என்றார்.

கல் ஊன்றி முடித்த பிறகு, மாசியில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒரு மேடம், வயது என்னைவிட ஐந்தாறு கூட இருக்கும். அவர் வந்தது பத்து மணிக்கு. பாறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இன்ஜினியர் அவரை மலையின் தட்பவெப்பம் பற்றிப் பேசிப் பேசி மேட்டிலேயே நிறுத்தப் பார்த்தார். மேடம் கேட்டுக்கொண்டே இறங்கி நிலத்துக்கு வந்துவிட்டார். மனைக்கற்களைப் பார்த்தார், ரோட்டு வளைவைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார்.

“இதை வரைஞ்சது யார்?” என்றார்.

இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு அறிக்கை இருந்தது. நான்தான் மேடம் என்றேன்.

“பாறையை நேர்ல பாத்தீங்களா?”

“பார்த்தேன் மேடம்” என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “பதினோரு மணிக்கு வரும் மேடம்” என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துக் கொம்பு வரைக்கும். சர்வேயர் அண்ணன் தலைகுனிந்து நின்றார். இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், விபூதி வேர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்தது. சொல்லி முடித்ததும் மேடம் நேராகக் குழிக்குப் போய், பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து இரண்டு வெட்டு வெட்டச் சொன்னார். தண்ணீர் கசிந்து நின்றது. புளியமரத்தடியிலும் அப்படியே.

“இதுமேல வீடு கட்டியிருந்தா ரெண்டு வருஷத்துல சுவரு வெடிச்சிருக்கும். மனையா போடாம விட்டது சரிதான்” என்றார். “ஏன் விட்டீங்கன்றது மட்டும்தான் தப்பு.”

பேனாவை எடுத்து வரைபடத்தில் ‘பாறை’ என்ற இரண்டு சொல்லையும் அடித்து, ‘நீர்க்கசிவுப் பகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லை மாறவில்லை, மனை அளவு மாறவில்லை, ரோடு மாறவில்லை, மறு ஒப்புதல் தேவையில்லை என்றார். ஆறு மாதம் என்று நாங்கள் பயந்தது ஆறு நிமிஷத்தில் முடிந்தது. இன்ஜினியர் கண்ணைத் திறந்து, மிக்க மகிழ்ச்சி என்று மட்டும் சொன்னார். மேடம் காருக்குப் போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்தானே என்று கட்டையில் உட்கார்ந்தார். எருமை அன்றைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது. மேடம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

யாருக்கு எந்த மனை என்ற குலுக்கல் பங்குனியில் நடந்தது. எருமைக்காரம்மாவுக்கு நாலாம் மனை, குழிகளிலிருந்து ரொம்பத் தூரம். மாற்றிக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். “நானா அங்க போய் படுக்கப் போறேன்?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் போய்விட்டார். ஐந்து மூலைப் பதினேழு, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு விழுந்தது. வாஸ்து சரியில்லை என்று பையன் வீட்டார் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் கூர் மூலையில் போய் நின்று, இரண்டு பக்கமும் ரோடு தெரிகிறது என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டாள். வீட்டை உள்ளே தள்ளிக் கட்டி, அந்த மூலையில் தகரம் போட்டு ஒரு டீக்கடை வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் வேறு ஒரு வேலையாக மலைக்குப் போனபோது அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன். இப்போதெல்லாம் ஏழாவது வளைவு வரை தாங்குகிறேன். செங்கல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. வளைவில் திரும்ப முடியாமல் முன்னே பின்னே இரண்டு தடவை போய், கடைசியில் டிரைவர் இறங்கிவந்து டீ கேட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “மட்டமா கீற எடத்துல இந்த மாதிரி ரோடு வரைஞ்ச ஆளு கையில கெடைச்சா நாலு வார்த்த கேக்கணும்” என்றார்.

நான் போண்டாவைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் இன்னொரு போண்டா வைத்துவிட்டு, அவருக்கு டீ ஆற்றப் போனாள்.